அரை வரி வீட்டுச் சித்தி

எங்கள் சித்தி மீன் குழம்பு ஊற்றுகிற வீட்டில் சண்டை இல்லாமல் சாப்பாடு முடிந்ததில்லை. ஆளுக்கு இரண்டு துண்டு என்று போட்டுவிட்டுப் போனால் வேலை தீர்ந்தது. சித்திக்கு அது ஆகாது. கரண்டியைச் சட்டிக்குள் விட்டபடி எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகத்தைப் பார்ப்பாள். கெடாரில் வேர்க்கடலைக்கு, எங்கள் பேச்சில் மல்லாட்டைக்கு, களை எடுத்துவிட்டு வந்திருக்கும் என் அம்மாவுக்கு மூன்று துண்டு. திண்டிவனத்தில் ஆடிட்டர் ஆபீஸில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துவிட்டு வந்த எனக்கு ஒன்று. என் வீட்டுக்காரர் மாப்பிள்ளை என்பதெல்லாம் அவளிடம் செல்லாது. அவருக்கும் ஒன்றுதான், அதுவும் வால் பக்கம்.

"இன்னா சித்தி, மாப்பிள்ளைக்கு வாலா?" என்று நான் கேட்பேன்.

"நேத்து கல்யாணத்துல பிரியாணி சாப்ட்டு வந்தவருதான? அக்கா காலையிலேர்ந்து வெயில்ல குனிஞ்சிக்கினு இருந்துட்டு வருது. ரெண்டு பேருக்கும் ஒண்ணா போட்டா அது நியாயமா?"

அம்மாவோ தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து என் வீட்டுக்காரர் தட்டில் வைப்பாள். சித்தி அதைத் திரும்ப எடுத்து அம்மா தட்டிலேயே போடுவாள். மாப்பிள்ளை குழம்பை மட்டும் பிசைந்துகொண்டு தரையைப் பார்ப்பார். எல்லோருக்கும் ஒரே அளவு என்பதைப் போல ஒரு மோசடி உலகத்தில் இல்லை என்பது சித்தியின் கட்சி. அதைச் சாகிற வரைக்கும் அவள் விடவில்லை.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் அவளோடு போவதற்கு எனக்கு வெட்கமாக இருக்கும். தலைக்கு இவ்வளவு என்று ஆட்டோக்காரர் சொன்னதும் ஆரம்பித்துவிடுவாள். ரெண்டு மூட்டையோடு முக்கால் சீட்டை அடைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருக்க, கம்பியில் தொற்றிக்கொண்டு வருகிற பள்ளிக்கூடப் பெண்ணுக்கும் அதே காசா என்று கேட்பாள். மூட்டைக்காரர் முறைப்பார். பள்ளிக்கூடப் பெண் பாவம், நம்மால் வந்த வினை என்று புத்தகப் பைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொள்ளும். ஒரு தடவை ஆட்டோக்காரர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு இறங்கி வந்து கும்பிட்டார். "யக்கா, நீ காசே குடுக்க வேணாம். வாய மூடிக்கினு வா, அது போதும். ஒரே பேஜாரா கீது."

விக்கிரவாண்டி டோல்கேட்டில் இன்னும் மோசம். வாடகைக் காரில் நாங்கள் நெருக்கிக்கொண்டு போகும்போது பக்கத்து வரிசையில் கப்பல் மாதிரி ஒரு வெளிநாட்டுக் கார் நின்றால் போதும். "நம்ம டப்பாவுக்கும் அதுக்கும் ஒரே டோலாடி?" என்பாள். ஆமாம், எல்லாம் கார் கணக்குதான் என்று நான் சொன்னால், அந்தச் சட்டத்தை நானே உட்கார்ந்து எழுதியது போல என்னைப் பார்ப்பாள்.

இத்தனைக்கும் அவள் செய்த வேலை ஆடம்பரச் சாமான் விற்பது. சித்தப்பா விபத்தில் போன பிறகு, மகனை வைத்துக்கொண்டு விழுப்புரத்தில் ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடையில் சேர்ந்தாள். ஏசி, ஃபிரிட்ஜ், சுவர் அகலத்துக்கு டிவி. நன்றாகவே விற்பாள். ஆனால் பில் போடும்போது அவள் வாய் சும்மா இருக்காது. தவணையில் மிக்ஸி வாங்க வந்த பெண்ணிடம், "அந்த மாடி வூட்டம்மாவும் இதே மிக்ஸிதான் வாங்கிக்கினு போச்சி. உனக்கும் அதே வரி. வாங்கறது யாருன்னு பில்லுக்கு தெரியாதும்மா" என்று வருத்தப்படுவாள். அந்தப் பெண்ணுக்கு வரியைக் குறைக்க இவளால் முடியாது. அதற்குப் பதிலாகக் கடையில் இலவசமாகக் கொடுக்கிற டப்பாவில் இரண்டைச் சேர்த்து வைத்துக் கட்டிக் கொடுப்பாள். மாடி வீட்டம்மாவுக்கு டப்பா தீர்ந்துபோய்விட்டிருக்கும்.

எனக்கு அவளை அவ்வளவு பிடிக்கும். பிடிக்கும் என்பதால்தான் அவளோடு சண்டை போட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவள் வீட்டுக்குப் போனால் எங்களுக்குப் பேச்சே வரிதான். எங்கள் ஆபீஸில் வீட்டு வரிக்கு மனு எழுத வருகிறவர்களைப் பற்றி நான் சொல்வேன். வீட்டு வரிக்காவது சதுர அடி பார்க்கிறார்கள், எந்தத் தெரு, குடியிருக்கிற வீடா கடையா என்று பார்க்கிறார்கள் என்பேன். "அங்கியாவது பாக்கறாங்களே. எங்க ஊருல அதுவும் இல்லியே" என்று அவள் ஆரம்பிப்பாள். அவள் மனசில் இருந்தது அரசாங்கத்து வரி இல்லை. மாதா கோயில் திருவிழா வரி.

சித்தியின் ஊர் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே, ஹைவேயிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. மே மாதத்தில் திருவிழா. அதற்குத் தலைக்கட்டு வரி, குடும்பத்துக்கு இவ்வளவு என்று. மூன்று மாடி வைத்திருக்கிற செங்கல் சூளைக்காரருக்கும் மல்லாட்டை மண்டியில் மூட்டை தூக்குகிற சவரி மாமாவுக்கும் ஒரே வரி. புருஷனை இழந்த பெண்ணின் வீடு என்றால் மட்டும் அரை வரி. இரக்கப்பட்டு என்றைக்கோ யாரோ வைத்த ஏற்பாடு. அந்த இரக்கத்தோடு இன்னொன்றும் ஒட்டிக்கொண்டிருந்தது. முழு வரி வீட்டு வாசலில் தேர் நிற்கும். வீட்டுக்காரர்கள் மாலை போட்டு, உப்பும் மிளகும் போட்டு, மெழுகுவர்த்தி கொடுத்துக் கும்பிடுவார்கள். அரை வரி வீட்டு வாசலில் தேர் நிற்காது.

சித்தப்பா இறந்த வருஷம் இது சித்திக்கு யாரும் சொல்லவில்லை. தட்டில் உப்பையும் மிளகையும் வைத்துக்கொண்டு மகனோடு வாசலில் நின்றிருக்கிறாள். தேர் நிற்காமல் போயிருக்கிறது. அவள் தட்டோடு பின்னால் கொஞ்ச தூரம் போய், அடுத்த வீட்டு வாசலில் அது நின்றபோது கூட்டத்தோடு கூட்டமாகப் போட்டுவிட்டு வந்திருக்கிறாள். இதை அவள் எனக்கு ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். ஆட்டோவுக்கும் டோல்கேட்டுக்கும் அத்தனை பேசியவள் இதைச் சொல்லும்போது குரலை உயர்த்தவே இல்லை.

ஐந்தாறு வருஷத்துக்கு முன்பு விழாச் செலவு ஏறிவிட்டது. வரியை ஏற்ற வேண்டும் என்று கமிட்டி ஊர்க்கூட்டம் போட்டது. அரை வரி வீட்டுக்குக் கூட்டத்தில் பேச்சு கிடையாது. நான் துணைக்குப் போயிருந்தேன். சித்தி எழுந்து நின்றாள். "அரை வரி கட்றவ அரை வாயாவது பேசலாமில்ல?" என்றாள். ஊர்த்தலைவர் சிரித்துவிட்டார். சிரித்துவிட்டதால் உட்காரச் சொல்ல முடியவில்லை.

வீட்டைப் பார்த்துப் போடுங்கள் என்றாள். மாடிக்கு ஒன்று, காருக்கு ஒன்று, ஏசிக்கு ஒன்று என்று ஏற்றுங்கள். ஒன்றும் இல்லாதவர்களுக்கு இறக்குங்கள். அவ்வளவுதான், கூட்டம் சந்தையாகிவிட்டது.

"ஏசி ஆடம்பரமா? எங்கப்பாவுக்கு மூச்சு எளப்பு. ஏசி இல்லன்னா படுக்க முடியாது அவரால."

"அப்ப அவருக்கு வேணாம். உன் ரூமுல இருக்கறதுக்கு போடுவோம்."

"பைக்குக்கும் போடுவியாக்கா? பாண்டிச்சேரி கம்பெனிக்கு நான் நடந்தா போறது?"

"நெலம் வச்சிருக்கிறவன வுட்டுட்ட?"

"நெலம் இருந்து இன்னா? போன வருசம் போட்ட கேப்பை மொளைக்கவே இல்ல. அதுக்கு நீ எனக்கு குடுக்கணும்."

"நகைய எப்டி எண்ணுவ? அவுத்து காட்ட சொல்வியா?"

சித்தி ஒவ்வொருவருக்கும் பதில் வைத்திருந்தாள். நோய்க்கு வைத்திருப்பதும் பிழைப்புக்கு வைத்திருப்பதும் ஆடம்பரம் இல்லை, அது இல்லாமலும் நீ நாளைக்கு எழுந்து வேலைக்குப் போவாய் என்றால் அதுதான் ஆடம்பரம் என்றாள். நகையை எண்ண வேண்டாம், அதை எண்ணப் போனால் ஊரில் பாதிக் குடும்பம் பிரிந்துவிடும் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விட முதலில் சரி என்று சொன்னவர் செங்கல் சூளைக்காரர். "அம்மா சொல்றது நியாயம். எனக்கு மாதா குடுத்திருக்கு, நான் நாலு பங்கு கட்றேன்" என்றார். அவர் அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. சித்திக்குச் சந்தோஷத்தில் ஒன்றும் தோன்றவில்லை.

மேல், நடு, கீழ் என்று மூன்று வகை பிரித்தார்கள். கமிட்டி ஆட்கள் வீடு பார்க்கப் போன வாரத்தில் ஊரே ஏழையாகிவிட்டது. ஜன்னல் ஏசி மேல் பழைய போர்வை தொங்கியது. ஒருவர் காரைக் கண்டமங்கலத்தில் மச்சான் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். புது மாடி கட்டிய ஒருவர், "அது மாடி இல்ல, மல்லாட்டை காய வைக்க கட்டுன தளம்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே மேலே அவர் மருமகள் துணி உலர்த்தினாள். சித்தியோ தன் வீட்டுக்கு வந்தவர்களை நேராகப் படுக்கையறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கடையில் காட்சிக்கு வைத்திருந்து விலை குறைத்துக் கொடுத்த ஏசி ஒன்று அங்கே இருந்தது. "பாரு, எனக்கு ஏசி இருக்குது. தரைக்கு டைல்ஸ் போட்டிருக்குது. பையன் பாண்டிச்சேரியில சம்பாரிக்கிறான். என்ன நடுவுல போடு."

நடு வகைதான் பழைய முழு வரி. ஆகவே அந்த வருஷம் தேர் அவள் வாசலில் நிற்கும். அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. விழுப்புரம் போய் உப்பு மிளகு வைக்கப் புதுத் தட்டு ஒன்று வாங்கி வந்தாள். என்னிடம் காட்டி, சும்மா பளபளவென்று இருந்தது, அதனால் வாங்கினேன் என்றாள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் கமிட்டிச் செயலாளர் மைக்கைப் பிடித்து வகை வகையாகப் பெயர் படித்தார். மேல் வரி, நடு வரி, அப்புறம் கீழ் வரி. கோபுரத்து ஒலிபெருக்கி வழியாக அது கழனி வரைக்கும் கேட்டது. கீழ் வரியில் முதல் பெயர் சவரி மாமாவுடையது. கடைசியில், வழக்கம் போல முழு வரிக்குக் குறையாத வீடுகளில் தேர் நிற்கும் என்று சொல்லி மைக்கை அணைத்தார்.

என் பக்கத்தில் சித்தி முழங்காலிட்டிருந்தாள். வரியை எப்படிப் போடுவது என்று இத்தனை வருஷம் யோசித்தவள், தேரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டு வாங்காமல் விட்டுவிட்டாள். தனக்கு நடந்ததையே மறந்துவிட்டு நியாயம் கேட்டிருக்கிறாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

அன்றைக்கு மத்தியானம் சவரி மாமா வந்தார். கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். சித்தியை எப்போதும் "நீ" என்றுதான் பேசுவார். அன்றைக்கு "நீங்க" என்றார்.

"வரி கட்ட முடியலன்னு நான் உங்களாண்ட வந்து அழுதனாக்கா?"

"போன வருசம் மண்டியில முன்பணம் வாங்கித்தான கட்டுன சவரி? அந்த மாசம் உன் வூட்டுக்காரி ஞானம் அரிசிக்கு எங்கெங்க அலைஞ்சுதுன்னு எனக்கு தெரியும்பா."

"கட்டினன் இல்ல? எங்கப்பன் கட்டினாரு, நான் கட்டினேன். எனக்கு மாடி கெடயாது, காரு கெடயாது. வருசத்துல ஒரு சாயங்காலம் அந்தத் தேரு எங்க வூட்டாண்டயும் நின்னுது. அது ஒண்ணுதான் எல்லாரையும் போல எனக்கும் இருந்துது. அதயும் நீங்க எறக்கிப்புட்டீங்க."

"முழுசா கட்றேன்னு கமிட்டியில சொல்லேன்பா."

"போயி சொன்னேன். பேரு படிச்சாச்சி, ஒருத்தருக்கு மாத்துனா மேல் வரிக்காரன் எல்லாம் எனக்கு எறக்குன்னு வந்து நிப்பான், முடியாதுன்னுட்டாங்க." அவர் மனைவி ஞானம் அத்தை பின்னாலேயே வந்திருந்தாள். அவள் கோபமே இல்லாமல் கேட்டாள். "உங்களுக்கு அரை வரி போட்டாங்களே, அப்ப எப்டிக்கா இருந்துது?"

அவர்கள் போன பிறகு சித்தி சாப்பாட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள், எழுந்து போய் மூடி வைத்தாள்.

அன்றைக்கே ஊர்த்தலைவர் வீட்டுக்குப் போனோம். செங்கல் சூளைக்காரரும் அங்கேதான் இருந்தார். பிரித்துப் போடச் சொன்னது பணத்துக்குத்தான், மரியாதைக்கு இல்லை, தேர் எல்லா வீட்டிலும் நிற்கட்டும் என்று சித்தி கெஞ்சினாள். ஆமாம், கெஞ்சினாள். நான் அதற்கு முன்பு அவளை அப்படிப் பார்த்ததில்லை.

"வரி கொறைஞ்சா மரியாதையும் கொஞ்சம் கொறையத்தானம்மா செய்யும். அத நாங்களா கட்டி வச்சோம்? உனக்கு தெரியாததா?" என்றார் தலைவர்.

"நாலு பங்கு கட்டறவன் நானு. எனக்கு நாலு மடங்கு நேரம் நிக்கணும்னு நானே கேக்கலாம்னு இருக்கேன். நீங்க இன்னான்னா கீழ் வரிக்கும் நிக்கணும்ன்றீங்க" என்றார் சூளைக்காரர். அவர் ஏன் அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டார் என்று அப்போது எங்கள் இரண்டு பேருக்கும் விளங்கியது.

திருவிழா சாயங்காலம் நாங்கள் எல்லோரும் சித்தி வீட்டில் இருந்தோம். அவள் மகன் வாசலில் சீரியல் விளக்கு கட்டியிருந்தான். புதுத் தட்டில் உப்பு, மிளகு, மாலை, மெழுகுவர்த்தி. சித்தி பட்டுப் புடவை கட்டியிருந்தாள். தேரை இப்போதெல்லாம் டிராக்டரில்தான் வைத்து இழுக்கிறார்கள். செயலாளர் முன்னால் விசிலோடு வருவார். ஒரு விசிலுக்கு நிற்கும், இன்னொரு விசிலுக்குக் கிளம்பும். சூளைக்காரர் வீட்டு வாசலில் அது நின்றது, நின்றது, நின்றுகொண்டே இருந்தது. தேரோடு நடந்து வந்த ஃபாதர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சரவெடி ஓய்ந்து, சாக்லேட் கொடுத்து முடித்து, வீடியோக்காரர் இன்னொரு தடவை என்று கேட்டு அதுவும் ஆனது.

சித்தி வீட்டுத் தெருவுக்குள் டிராக்டர் திரும்பியதும் அவள் உள்ளே போனாள். சீரியல் விளக்கு அணைந்தது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்தேன். அவள்தான் சுவிட்சை அணைத்திருக்கிறாள். கதவைச் சாத்திக்கொண்டு தட்டோடு வெளியே வந்து நேராகச் சவரி மாமா வீட்டை நோக்கி நடந்தாள். "இன்னாம்மா பண்ற?" என்று மகன் கத்தினான். அவள் திரும்பவில்லை. நான் பின்னாலேயே ஓடினேன்.

சவரி மாமா வீடு சித்தி வீட்டுக்கு இந்தப் பக்கம், தேர் முதலில் வருகிற பக்கம். தகரக் கூரை, பாதி எழுப்பிய சுவர். கதவு மூடியிருந்தது. சித்தி அந்த வாசலில் தேர் வரும் வழிக்கு நேராக நின்றுகொண்டு மெழுகுவர்த்தியை ஏற்றினாள். செயலாளர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"யம்மா, ஓரம் போம்மா. இங்க நிறுத்தம் கெடயாது."

"நான் முழு வரி கட்டியிருக்கேன். எனக்கு ஒரு நிறுத்தம் இருக்குதா இல்லியா?"

"இருக்குது. அது உன் வூட்டாண்ட."

"அங்க வேணாம். என் நிறுத்தத்த நான் இங்க வச்சிக்கறேன். என் வூட்ட நிக்காம தாண்டிப் போங்க. உங்களுக்கும் கணக்கு சரியா போச்சி, ஒரு நிமிசம் கூடவும் இல்ல, கொறையவும் இல்ல."

செயலாளர் தலைவரைப் பார்த்தார். தலைவர் ஃபாதரைப் பார்த்தார். ஃபாதர் டிராக்டரின் முன்னால் வந்து நின்று ஜெபமாலையை எடுத்தார். டிரைவர் என்ஜினையே அணைத்துவிட்டார். "சரி, சரி, ஜல்தி ஆவட்டும்" என்றார் தலைவர். விசில் கேட்டது. ஏற்கெனவே நின்றுவிட்ட தேருக்கு, நிற்கச் சொல்லி விசில் ஊதினார் அந்தச் செயலாளர்.

கதவு திறந்தது. ஞானம் அத்தை ஓடி வந்தாள். சித்தி தட்டை அவள் கையில் வைத்து, "நீ போடு" என்றாள். அத்தைக்குப் பின்னால் சவரி மாமா வந்தார். மடிப்புக் கலையாத புதுச் சட்டை போட்டிருந்தார். நிற்காது என்று தெரிந்தும் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்திருக்கிறார். மாலையைத் தூக்கிக் கொடுத்தார், கும்பிட்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்கவும் இல்லை.

டிராக்டர் கிளம்பும்போது அவர் சித்தி பக்கத்தில் வந்தார்.

"யக்கா, அடுத்த வருசம் எனக்கு வரிய ஏத்திப் போடு."

"எதுக்குடா? ஒரு ஃபேன வுட்டா இன்னா இருக்குது உன்னாண்ட?"

"ஊருத் தேரு எனக்குன்னு வந்து நின்னுது. இது இல்லாமயும் நான் நாளிக்கி எழுந்து மூட்டை தூக்கப் போவேன் இல்ல? அப்ப இதான ஆடம்பரம்? இதுக்குப் போடு."

ஞானம் அத்தை சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்று பேரும் தேருக்குப் பின்னால் நடந்தார்கள். இரண்டு வீடு தள்ளி சித்தியின் வீடு இருட்டாக இருந்தது. வாசலில் சித்தியின் மகன் மட்டும் கை கட்டிக்கொண்டு நின்றான். தேர் நிற்காமல் அதைத் தாண்டிப் போனது. சித்தி ஜெபமாலை சொல்லிக்கொண்டே நடந்தாள், தலையைத் திருப்பவில்லை. சவரி மாமாதான் அந்த வாசலில் நின்று, செருப்பைக் கழற்றிவிட்டு, வீட்டைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.